மழைமானி இல்லாத பள்ளத்தாக்கின் காலநிலையை வளிமண்டல மாதிரி சொல்லுமா?

லடாக்கின் நுப்ரா பள்ளத்தாக்கில் ஒரு சிற்றோடையை நம்பி அமையவிருக்கும் சிறு நீர்மின் திட்டத்துக்காக நீங்கள் ஆய்வு செய்கிறீர்கள். அந்த ஓடையின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் மழைமானி எதுவும் கிடையாது. கர்துங் லா கணவாய்க்கு அப்பால் லேயில் உள்ள நிலையத்தின் தரவு மட்டுமே கையில் இருக்கிறது. டபிள்யூஆர்எஃப் என்ற வளிமண்டலக் கணினி மாதிரியை 1 கி.மீ. கட்ட அளவில், அதாவது நிலத்தை 1 கி.மீ. சதுரங்களாகப் பிரித்து, ஓட்டினால் போதும் என்கிறார் ஒரு பேராசிரியர். அளக்காத இடத்துக்கு மாதிரி தரும் எண் வெறும் கற்பனை என்கிறார் இன்னொருவர். இருவரில் யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியின் உள்ளே வேறொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: எவரும் அளந்திராத இடத்துக்கு ஒரு மாதிரி எண் ஒன்றைக் கொடுக்கும்போது, அந்த எண்ணுக்குப் பின்னால் நிற்கும் அறிவு எங்கிருந்து வருகிறது? அதற்கு விடை கிடைத்தால் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பதும் தெரிந்துவிடும். வளிமண்டல அறிவியல் படித்து, மலைப் பகுதிகளுக்கு இத்தகைய மாதிரிகளைப் பல ஆண்டுகளாக ஓட்டி வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீரியல் என் துறைக்குப் பக்கத்துத் துறை. விசையாழி, அணை ஆகியவற்றின் வடிவமைப்பு பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். காரகோரம், லடாக் பகுதிகளில் தரவு இல்லை என்று நாம் சொல்வது தரையைப் பற்றி மட்டுமே. தரைக்கு மேலே ஐந்தாறு கிலோமீட்டர் உயரத்தில் காற்று எந்தத் திசையில், எந்த வேகத்தில் வீசுகிறது, அதில் ஈரம் எவ்வளவு என்பது நியாயமான துல்லியத்துடன் நமக்குத் தெரியும். செயற்கைக்கோள்கள் அளக்கும் கதிர்வீச்சு, விமானங்களிலிருந்து வரும் அளவீடுகள், சுற்றுவட்டார நாடுகளில் நாள்தோறும் பறக்கவிடப்படும் பலூன்கள் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து ஐரோப்பிய நடுத்தரக்கால வானிலை முன்கணிப்பு மையம் ஈஆர்ஏ5 என்ற மறுபகுப்பாய்வை, அதாவது கடந்தகால வானிலையை அளவீடுகளும் மாதிரியும் கொண்டு மீட்டமைத்த தொகுப்பை, தயாரித்து வெளியிடுகிறது. சுமார் 31 கி.மீ. கட்ட அளவில், 1940 முதல், மணிக்கு மணி நிலவரம் அதில் உண்டு. டபிள்யூஆர்எஃப் போன்ற பிராந்திய மாதிரி செய்வது, மேலே தெரிந்திருக்கும் அந்தக் காற்றைக் கீழே தெரியாமலிருக்கும் மலைகளின் மேல் கொண்டுவந்து மோதவிடுவதுதான். மலையின் வடிவம் செயற்கைக்கோள் அளவையால் நமக்கு நன்றாகத் தெரியும். சரிவில் ஏறும் காற்று குளிரும், குளிர்ந்தால் ஈரம் உறையும், உறைந்தது பனியாக விழும் என்ற இயற்பியலிலும் ஐயமில்லை. ஆகவே, பெரிய அளவிலான காற்றோட்டமும் மலையின் வடிவமும் சேர்ந்து தீர்மானிக்கிற எதையும் மாதிரி நன்றாகச் சொல்லும். அந்த இரண்டுக்கும் கட்டுப்படாத எதையும் சொல்லத் தடுமாறும். என் விடை முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது.

அளவீடே உண்மை, மாதிரி கற்பனை என்ற எதிர்நிலை இந்தப் பகுதியில் செல்லாது என்பதையும் சொல்ல வேண்டும். நிலையங்கள் எல்லாம் மனிதர் வசிக்கும் இடங்களில், அதாவது பள்ளத்தாக்கின் அடியில் இருக்கின்றன. பனி விழுவதோ மேலே. காரகோரத்தின் பள்ளத்தாக்கில் இருக்கும் கில்கித் நகரில் ஆண்டு மழை சுமார் 130 மி.மீ. மட்டுமே. ஆனால் 1980களில் பியாஃபோ, ஹிஸ்பர் பனியாறுகளின் தலைப்பகுதியில், சுமார் 5,000 மீட்டர் உயரத்தில், ஆய்வாளர்கள் பனியில் குழி தோண்டிப் பார்த்தார்கள். கோடையில் படியும் தூசி, குழியின் சுவரில் பழுப்புக் கோடாகத் தெரியும். இரண்டு கோடுகளுக்கு இடைப்பட்டது ஓர் ஆண்டின் பனி. அந்த அடுக்கிலிருந்து குழாயால் பனியை வெட்டி எடுத்து, எடை போட்டு, நீரின் அளவாக மாற்றினால் ஆண்டுக்கு 1,000 மி.மீ. அளவை ஒட்டியும் அதைத் தாண்டியும் வந்தது. இரண்டு இடங்களும் ஒரே மலைத்தொகுதியைச் சேர்ந்தவை. கில்கித் மழைமானியை மட்டும் வைத்துக்கொண்டு அந்த மலைத்தொகுதியின் காலநிலையை வரைபடமாக்கியவர்கள், அங்கே பாயும் ஆறுகளுக்குக் கணக்கே காட்ட முடியாத அளவுக்கு வறண்ட வரைபடங்களைத்தான் பெற்றார்கள்.

நிலையத்தின் அளவீட்டிலும் குறை உண்டு. குளிர்காலக் காற்றில் பனித்துகள்கள் மழைமானியின் வாயைத் தாண்டிப் பறந்துவிடுகின்றன. காற்று பலமாக இருக்கும் திறந்த வெளியில் விழும் பனியில் பாதியைக்கூட மானி பிடிப்பதில்லை. ஈரப்பனி என்றால் வாயின் மேல் தொப்பிபோல் மூடிக்கொள்ளும்; அது வெயிலில் உருகும் நாள்வரை மானி பூச்சியத்தையே காட்டும். லே நிலையத்தின் குளிர்கால எண்களைப் பார்க்கும்போது இந்தப் பிழையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாதிரியை அந்த எண்ணோடு ஒப்பிட்டுவிட்டு மாதிரி மிகையாகச் சொல்கிறது என்று எழுதும் ஆய்வுகளை அடிக்கடி பார்க்கிறேன். அந்த மிகையில் ஒரு பங்கு மானி தவறவிட்ட பனி.

இனி உறுதியாகச் சொல்லக்கூடியவற்றுக்கு வருகிறேன். நுப்ரா, சியாச்சின் பகுதிகளின் பனியில் பெரும்பங்கு குளிர்காலத்திலும் வசந்தத்திலும் மேற்கிலிருந்து நகர்ந்து வரும் தாழ்வழுத்த அமைப்புகளான மேற்கத்தியக் கலக்கங்களால் விழுவது. இவை ஆயிரம் கிலோமீட்டர் அளவிலான அமைப்புகள். அவற்றின் வருகையும் போக்கும் மறுபகுப்பாய்வில் சரியாகவே பதிவாகியிருக்கின்றன. எனவே எந்த நாளில் பனி பெய்தது, எந்தக் குளிர்காலம் செழிப்பானது, எது வறண்டது, மலைத்தொடரின் எந்தப் பக்கம் அதிகம் வாங்குகிறது, எது மழை மறைவில் இருக்கிறது, உயரம் கூடக்கூட பனி எவ்வாறு கூடுகிறது என்ற கேள்விகளுக்கு மாதிரி தரும் விடையை, அதன் தொகையில் பிழை இருந்தாலும், அதன் ஒப்பீட்டு வடிவத்துக்காக நம்பலாம். பெர்லினில் தயாரிக்கப்பட்ட ஹை ஏசியா ரீஃபைன்ட் அனாலிசிஸ் இப்படித்தான் டபிள்யூஆர்எஃப் மாதிரியைக் கொண்டு 30 கி.மீ., 10 கி.மீ. கட்டங்களில் ஆசிய உயர்நிலங்களுக்கான தொகுப்பை உருவாக்கியது. மாதிரி மெல்ல மெல்லத் தன் போக்கில் விலகிவிடாமலிருக்க, அதை ஒவ்வொரு நாளும் புதிதாகத் தொடங்கி ஓட்டினார்கள். சொந்தமாக ஓட்டத் தொடங்கும் முன் அந்தத் தொகுப்பில் உங்கள் ஓடை இருக்கும் கட்டத்தை எடுத்துப் பாருங்கள். இந்திய நடுத்தரக்கால முன்கணிப்பு மையம் பிரிட்டன் வானிலைத் துறையுடன் சேர்ந்து தயாரித்த 12 கி.மீ. அளவிலான ஐஎம்டிஏஏ மறுபகுப்பாய்வையும் பார்க்கலாம். ஈஆர்ஏ5 உட்பட இந்த மூன்று தொகுப்புகளும் ஒன்றோடொன்று எவ்வளவு முரண்படுகின்றன என்பதே உங்களுக்குக் கிடைக்கும் முதல் பயனுள்ள எண்.

இதே இடத்தில் ஓர் எச்சரிக்கையும் தேவை. ஈஆர்ஏ5-லேண்ட் என்ற 9 கி.மீ. தொகுப்பைப் பார்த்ததும், மழையும் 9 கி.மீ. துல்லியத்துக்கு வந்துவிட்டதென்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அதில் வெப்பநிலைக்கு உயரத்துக்கேற்ற திருத்தம் உண்டு. மழையோ 31 கி.மீ. கட்டங்களின் எண்களுக்கு இடையே கணக்கிட்டு நிரப்பி எடுக்கப்பட்டதுதான். அந்த மழையில் உங்கள் மலையைப் பற்றிப் புதிய தகவல் எதுவும் இல்லை.

வெப்பநிலை மழையைவிட எளிது, ஆனால் அதிலும் சில பொறிகள் உண்டு. டிஸ்கிட் கிராமம் சுமார் 3,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதே பகுதியின் சாசர் காங்ரி சிகரம் 7,672 மீட்டர். 31 கி.மீ. கட்டம் ஒன்று இப்படிப்பட்ட நிலத்தைச் சராசரியாக்கும்போது அதன் தரை 5,000 மீட்டரில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு 6.5 பாகை என்ற வழக்கமான வீதத்தில் கணக்கிட்டால், உயர வேறுபாட்டால் மட்டுமே டிஸ்கிட்டின் வெப்பநிலை சுமார் 12 பாகை குறைவாகக் காட்டப்படும். இதைத் திருத்துவது எளிது, எல்லோரும் செய்கிறார்கள். திருத்த முடியாதது, தெளிந்த குளிர்கால இரவுகளில் கனமான குளிர்காற்று சரிவுகளிலிருந்து இறங்கிப் பள்ளத்தாக்கின் அடியில் தேங்கி, மேலே போகப்போக வெப்பம் கூடுகிற தலைகீழ் நிலை. அப்போது 6.5 பாகை என்ற வீதமே பொய்யாகிவிடுகிறது. மேலும், மாதிரியில் பனி தரையில் தேவைக்கு மேல் நீண்ட நாள் தங்கினால், அது வெயிலைத் திருப்பி அனுப்பி, காற்றைக் குளிர்வித்து, அந்தக் குளிர்ச்சியால் இன்னும் நீண்ட நாள் தங்கும். மேற்கு இமயத்தில் பல மாதிரிகள் உண்மையைவிடக் குளிராக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஈஆர்ஏ5 தொகுப்பில் 1,500 மீட்டருக்கு மேலே செயற்கைக்கோள் பனிப்பரப்புத் தரவு உள்வாங்கப்படுவதில்லை. எனவே திபெத்திய மேட்டு நிலத்தில் அது காட்டும் தரைப்பனி மிகையானது. அந்தப் பனியைத் தொடக்க நிலையாக எடுத்துக்கொண்டு டபிள்யூஆர்எஃப்பை ஓட்டினால் பிழையும் உடன் வரும். உங்கள் ஓடைக்கு உருகல் தொடங்கும் வாரம் முக்கியம் என்பதால் இதைக் கவனமாகச் சரிபாருங்கள்.

ஐயத்துக்குரியது கோடை மழை. 2010 ஆகஸ்ட் 5-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி லேயில் நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். திபெத்திய மேட்டு நிலத்தின் மேல் எழுந்த இடிமேகங்கள் மேற்கு நோக்கி நகர்ந்து, கீழிருந்து வந்த ஈரத்தைப் பெற்று வலுத்து, பள்ளத்தாக்கின் சரிவுகளில் கொட்டின. 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; சோக்லம்சர் போன்ற குடியிருப்புகள் சேற்றில் புதைந்தன. அந்த 24 மணி நேரத்துக்கு லே நிலையம் பதிவு செய்த மழை 12.8 மி.மீ. வெறும் 12.8 மி.மீ. மழை அந்த அழிவைச் செய்திருக்க முடியாது. ஓடைகளில் வெள்ளம் விட்டுச்சென்ற தடங்களைக் கொண்டு பின்னர் மதிப்பிட்டவர்கள், பன்மடங்கு கடுமையான மழை குறுகிய பட்டையாகப் பெய்து, நிலையத்தை ஏறத்தாழத் தவறவிட்டுச் சென்றதைக் காட்டினார்கள். அதாவது, மானி இருந்தும் அந்த நிகழ்வு அளக்கப்படவில்லை. மாதிரியும் இங்கே நம்மைக் காப்பாற்றாது. பின்னோக்கி ஓட்டிப் பார்த்தவர்கள் அந்த இரவின் காற்றோட்டத்தையும் மேகங்கள் திரண்ட விதத்தையும் மீட்டெடுத்திருக்கிறார்கள்; அதனால் காரணங்கள் விளங்கின. ஆனால் எந்த ஓடையின் தலையில், எத்தனை மில்லிமீட்டர், எந்த மணிக்கு என்பது மாதிரியின் தொடக்க நிலையில் செய்யும் மிகச் சிறிய மாற்றத்துக்கே இடம் மாறிவிடும். சூடான ஈரக்காற்று மேலெழுந்து இடிமேகமாகும் வெப்பச்சலனத்தின் இயல்பு அது. எனவே உங்கள் கட்டுமானத்தின் வெள்ளத் தாங்குதிறனை மாதிரியின் உச்ச மழையிலிருந்து கணக்கிடாதீர்கள். இதை நான் வலியுறுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் தவற்றின் விலையை ஓடைக்குக் கீழே குடியிருப்பவர்கள் கொடுப்பார்கள்.

உங்கள் பேராசிரியர் சொன்ன 1 கி.மீ. பற்றி. கட்டம் 1 கி.மீ. என்றால் மாதிரி 1 கி.மீ. அகலமுள்ளவற்றைச் சரியாகச் சொல்லும் என்று பொருளாகாது. ஓர் அமைப்பை மாதிரி ஒழுங்காகக் கையாள அது ஆறேழு கட்டங்களாவது அகன்றிருக்க வேண்டும். மேலும், இவ்வளவு செங்குத்தான நிலத்தில் 1 கி.மீ. கட்டத்தில் ஓட்டும்போது மாதிரி பாதியில் நின்றுவிடுவது வாடிக்கை. பிழைப் பதிவுக் கோப்பைத் திறந்தால் சி.எஃப்.எல். என்ற எச்சரிக்கை வரி வரியாக நிறைந்திருக்கும். ஒரு காலப்படிக்குள் காற்று கட்டத்தைத் தாண்டிவிடுகிறது என்பது அதன் பொருள். காலப்படியைக் குறைக்கலாம், அதற்குக் கணினி நேரம் கூடும். இல்லையென்றால் மலையை வழவழப்பாக்க வேண்டும். அப்படிச் செய்தால் சிகரங்கள் தாழ்ந்து பள்ளங்கள் மேலேறி, எதற்காக 1 கி.மீ.க்குப் போனோமோ அந்த நுணுக்கத்தையே ஓரளவு இழப்போம். பனிக்கு 3 அல்லது 4 கி.மீ. கட்டமே பெரும்பாலும் போதுமானது என்பது என் கணிப்பு. அந்த அளவில் வெப்பச்சலனத்துக்கான தோராயச் சூத்திரத்தை நிறுத்திவிட்டு மேகங்களை நேரடியாகவே கணக்கிடலாம். மிச்சமாகும் கணினி நேரத்தை ஆண்டுகளின் எண்ணிக்கையிலும் மேகத்துக்குள் நீர்த்துளியும் பனித்துகளும் உருவாவதைக் கணக்கிடும் மேக நுண்ணியற்பியல் திட்டங்களின் எண்ணிக்கையிலும் செலவிடுங்கள். தாம்ப்சன், மோரிசன் ஆகிய இரண்டு திட்டங்களிலும் ஒரே குளிர்காலத்தை ஓட்டிப் பாருங்கள். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு, 3 கி.மீ.க்கும் 1 கி.மீ.க்கும் இடையிலான வேறுபாட்டைவிடப் பெரிதாக இருந்தால் நான் வியப்படைய மாட்டேன்.

மானி இல்லாத இடத்தில் மாதிரியை எதோடு ஒப்பிடுவது? ஆற்றோடும் பனியாற்றோடும் ஒப்பிட வேண்டும். ஒரு நீர்ப்பிடிப்பில் ஆண்டு முழுவதும் விழுந்த நீர், ஓடையில் வெளியேறியதற்கும், ஆவியாகவும் பனியிலிருந்து நேரடியாக ஆவியாகவும் போனதற்கும், பனியாற்றில் கூடியதற்கும் கூட்டாகத்தான் இருந்தாக வேண்டும்; பனியாறு குறைந்திருந்தால் அந்த அளவைக் கழிக்க வேண்டும். இதிலிருந்து எந்த மாதிரியும் தப்ப முடியாது. ஓர் எடுத்துக்காட்டுக்கு, உங்கள் ஓடையின் ஆண்டு நீரோட்டத்தை நீர்ப்பிடிப்பின் பரப்பால் வகுத்தால் 450 மி.மீ. வருகிறது, ஆவியாதல் 100 மி.மீ., பனியாறு இழந்த நீர் அதே பரப்புக்கு 100 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் விழுந்தது 450 மி.மீ. மாதிரி 600 என்று சொன்னால் மூன்றில் ஒரு பங்கு மிகை என்று தெரிந்துவிடும். லே மானியின் ஏறத்தாழ 100 மி.மீ. என்ற ஆண்டுச் சராசரியை அந்த நீர்ப்பிடிப்பின் மேல் பரப்பினால், மிச்ச நீர் முழுவதும் பனியாற்றின் உருகலிலிருந்தே வர வேண்டும். அந்த வேகத்தில் உருகியிருந்தால் பனியாறு கண்கூடாகச் சுருங்கியிருக்கும். 2015இல் நீரியலாளர் வால்டர் இம்மர்சீல் குழுவினர் மேல் சிந்துப் படுகைக்கு இந்த வழியைத்தான் பின்பற்றினார்கள். பனியாறுகள் எவ்வளவு மெலிந்தன என்ற செயற்கைக்கோள் அளவையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, அவற்றைத் தாங்கிப் பிடிக்க எவ்வளவு பனி விழுந்திருக்க வேண்டும் என்று கண்டு, ஆற்றின் நீரோட்டத்தோடு ஒத்துப்பார்த்தார்கள். உயரமான சில இடங்களில் முன்பு கருதப்பட்டதைவிடப் பத்து மடங்கு வரை மழைப்பனி (மழையும் பனியும் சேர்ந்த அளவு) தேவை என்று தெரிந்தது. பல பனியாறுகள் உலகின் பிற பகுதிகளைப்போல் சுருங்காமல் நிற்பதைப் புவியியலாளர் கென்னத் ஹெவிட் 2005இல் காரகோரம் விதிவிலக்கு என்று எடுத்துக்காட்டியிருந்தார். அந்தப் பனியாறுகளுக்கு உணவளிக்கும் பனி எந்த மழைமானியிலும் பதிவாகாமலே விழுந்துகொண்டிருந்தது.

உங்களுக்கு இதில் இருக்கும் நடைமுறைச் சிக்கல், சிந்துப் படுகையின் இந்தியப் பகுதிக்கான நீரோட்டத் தரவு பொதுவெளியில் எளிதாகக் கிடைப்பதில்லை என்பது. எனவே முடிந்தால் இந்தப் பருவத்திலேயே ஓடையில் ஓர் அளவுகோலை நட்டு, மே முதல் செப்டம்பர் வரை நீர்மட்டத்தைப் பதிவு செய்து, சில நாள்களிலாவது உப்புக் கரைசல் முறையில் நீரோட்டத்தை அளந்து, மட்டத்தையும் ஓட்டத்தையும் இணைக்கும் வளைகோட்டை வரையுங்கள். ஒரே ஒரு கோடையின் நேர்மையான நீரோட்ட அளவீடு, உங்கள் நீர்ப்பிடிப்புக்கு வெளியே இருக்கும் ஒரு மழைமானியின் முப்பது ஆண்டுத் தரவைவிட மாதிரியைச் சோதிக்க அதிகம் உதவும். பனிக்கோடு, அதாவது தரைப்பனியின் கீழ் எல்லை, எந்த வாரத்தில் எந்த உயரத்துக்கு ஏறுகிறது என்பதை 2000 முதல் மோடிஸ் என்ற செயற்கைக்கோள் கருவியின் படங்கள் 500 மீட்டர் நுணுக்கத்தில் நாள்தோறும் தருகின்றன. மாதிரியின் பனிக்கோட்டை அதோடு ஒப்பிட்டால் தொகையும் வெப்பநிலையும் ஒருசேரச் சோதிக்கப்படும். இரண்டு பிழைகள் ஒன்றையொன்று மறைத்துக்கொள்வதும் உண்டு: பனி மிகையாக விழுந்து, வெப்பமும் மிகையாக இருந்தால் பனிக்கோடு சரியாகவே தெரியும். அதனால்தான் ஆறும் வேண்டும், பனிக்கோடும் வேண்டும்.

காலப்போக்கைப் பற்றி ஒரு சொல். மழைப்பனி கூடுகிறதா, குறைகிறதா என்று மறுபகுப்பாய்வின் நீண்ட தொடரிலிருந்து முடிவு கட்டாதீர்கள். 1979ஐ ஒட்டிச் செயற்கைக்கோள் தரவு பெருமளவில் நுழைந்தது, அதன் பிறகும் கருவிகள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கின்றன. நோக்கும் முறை மாறியதால் தோன்றும் போக்கையும் காலநிலையின் உண்மையான போக்கையும், நிலையங்கள் அருகிய இடத்தில், என்னால் பிரித்துச் சொல்ல முடியாது; பிரித்துவிட்டதாகச் சொல்பவர்களிடம் எப்படி என்று கேளுங்கள்.

ஆகவே உங்கள் அறிக்கையில் ஒற்றை எண்ணை எழுத வேண்டாம். மூன்று தொகுப்புகளையும் உங்கள் சொந்த ஓட்டங்களையும் வைத்து ஓர் எல்லையை எழுதுங்கள். ஓடையின் நீர்க்கணக்கால் அந்த எல்லையைச் சுருக்குங்கள். சுருக்க முடியாத பகுதியை அப்படியே விட்டுவிடுங்கள். பருவகால நீர்வரத்தின் வடிவத்துக்கும், செழிப்பான ஆண்டுக்கும் வறண்ட ஆண்டுக்கும் உள்ள விகிதத்துக்கும் மாதிரியைச் சான்றாகக் காட்டலாம். வெள்ளத்தின் உச்சத்துக்கு மட்டும், பள்ளத்தாக்கில் பழைய சேற்றுப் பெருக்கு விட்டுச்சென்ற பாறைக் குவியல்களை ஒரு நிலவியலாளரோடு நடந்து பார்த்து, அவை எதுவரை வந்திருக்கின்றன என்று குறித்துக்கொண்டு, மின்நிலையத்தை அதற்கு மேலே வையுங்கள்.